ஸ்டார் ட்ரெக் மே மாதம் வருகிறது: ‘ரீபூட்’டுக்கு நம் சொல் எது?

குழுவினருக்கு வணக்கம்.

வரும் மே 8, 2009 அன்று அமெரிக்க விண்வெளிக் கதையான ஸ்டார் ட்ரெக்கின் புதுப்படம் வெளியாகிறது. போன கிறிஸ்துமசுக்கே வந்திருக்க வேண்டியது, தள்ளிப் போட்டுவிட்டார்கள். பாரமவுண்ட் நிறுவனத்தின் படம், ஜே.ஜே. ஏப்ராம்ஸ் இயக்கம். விண்கலத் தலைவர் கர்க்காக கிறிஸ் பைன், அவருடைய துணை அதிகாரி ஸ்பாக்காக சாக்கரி குவின்டோ, மெக்காயாக கார்ல் அர்பன், உகூராவாக ஜோயி சல்டானா. 1966 முதல் 1969 வரை தொலைக்காட்சித் தொடராக 79 பகுதிகள், பிறகு 1979 முதல் 1991 வரை ஆறு படங்கள். அத்தனையிலும் கர்க் என்றால் வில்லியம் ஷாட்னர், ஸ்பாக் என்றால் லியனார்ட் நிமோய். அந்த முகங்களோடு வளர்ந்த எனக்கு இந்தப் படம் சாதாரணச் செய்தி இல்லை. 2002இல் வந்த பத்தாவது படம் ஓடவில்லை, 2005இல் தொலைக்காட்சித் தொடரும் நிறுத்தப்பட்டது. இனி அவ்வளவுதான் என்று பலரும் கைவிட்ட கதை திரும்ப எழுகிறது. அதைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘ரீகாஸ்ட்’ (அதே பாத்திரத்துக்கு வேறு நடிகர்), ‘ரீபூட்’ (பழைய கதையை விட்டு முதலிலிருந்து தொடங்குவது) இரண்டுக்கும் சொல் இல்லாமல் தடுமாறக் கூடாது என்பதற்காகத்தான் போன வாரம் இந்த இழையைத் தொடங்கினேன். வந்த மடல்களின் வரிகளை ‘>’ குறியோடு தந்து, அவற்றின் கீழே என் பதில்.

> மறுதொடக்கம் என்று கணினியில் ஏற்கெனவே புழங்குகிறதே, ஐயா. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

கணினியில் பொருந்துகிறது. சினிமாச் செய்தியில் வழுக்குகிறது. ‘படப்பிடிப்பு மறுதொடக்கம்’ என்று நாளிதழில் படித்தால் என்ன புரிந்துகொள்கிறோம்? நின்றுபோன வேலை விட்ட இடத்திலிருந்து மறுபடி நடக்கிறது என்றுதான். ரீபூட் அதற்கு நேரெதிர். விட்ட இடத்துக்கு அது போவதே இல்லை, முதல் பக்கத்துக்குப் போகிறது. கணினியிலிருந்து இந்தச் சொல்லைக் கதைக்குக் கொண்டுபோனவர்கள் நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள்: கணினியை அணைத்துப் போட்டால் நினைவகத்தில் இருந்தது அழியும், வட்டில் இருப்பது அப்படியே இருக்கும். அதுபோல இதுவரை நடந்த நிகழ்வுகள் அழியும். பாத்திரங்களும் அவர்கள் உலகமும் எஞ்சும்.

அதனால் ‘மீள்தொடக்கம்’ என்பதை முன்வைக்கிறேன். ‘மீள்’ என்பதில் திரும்பிப் போதல் இருக்கிறது. இலங்கைத் தமிழில் மீள்குடியேற்றம், மீளாய்வு என்று அன்றாடம் புழங்கும் முன்னொட்டு என்பதால் காதுக்கும் அந்நியமில்லை.

> மறுபிறவி இன்னும் எளிதில்லையா? உயிர் அதே, உடம்பு வேறு, போன பிறவி நினைவு கிடையாது.

அம்மா, பொருள் அளவில் இதைவிடக் கச்சிதமாக ஒரு சொல் அமையாது. ஆனால் ‘மறுபிறவிப் படம்’ என்று எழுதினால் நம் வாசகர் முன்ஜென்மக் கதை என்றே எடுத்துக்கொள்வார். அப்படிப்பட்ட படங்கள் நம்மிடம் நிறைய. அந்த ஒரு காரணத்துக்காக விட வேண்டியிருக்கிறது.

அடுத்து ரீகாஸ்ட். இதையும் ரீபூட்டையும் ஒரே சொல்லில் அடக்கலாம் என்று இருவர் எழுதியிருந்தார்கள். கூடாது. 1982 ஸ்டார் ட்ரெக் படத்தில் சாவிக் என்ற வல்கன் (ஸ்பாக்கின் வேற்றுக்கோள் இனம்) பெண்ணாக கிர்ஸ்டி ஆலி நடித்தார், 1984 படத்தில் அதே சாவிக்காக ராபின் கர்ட்டிஸ் வந்தார். கதை ஓர் அங்குலமும் பின்னால் போகவில்லை, ஆள் மட்டும் மாறினார். நம் தொலைக்காட்சித் தொடர்களில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று அட்டை போடுவார்களே, அதேதான். மறுபக்கம் 2006இன் ஜேம்ஸ் பாண்ட் படம் கசினோ ராயல். பாண்ட் கதையையே முதல் வேலையிலிருந்து ஆரம்பித்தார்கள், டேனியல் க்ரெய்க் புதிதாக வந்தார். ஆனால் மேலதிகாரி எம் மட்டும் 1995இலிருந்து நடித்துவந்த ஜூடி டென்ச்சேதான். ஆக ஒன்று இல்லாமல் மற்றது நடக்கும்.

ரீகாஸ்டுக்கு ‘மறுவேடம்’ என்றால் மாறுவேடம் என்று படிப்பார்கள். ‘ஆள்மாற்றம்’ என்றால் ஆள்மாறாட்டம் நினைவுக்கு வரும். வினையிலிருந்து போய்ப் பார்த்தேன். ‘ஸ்பாக் வேடம் நிமோயிடமிருந்து குவின்டோவுக்குக் கைமாறியது.’ இடறாமல் வருகிறது. அதையே பெயராக்கி ‘வேடக் கைமாற்றம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி எனக்கு முக்கியமான இடம். மே மாதப் படம் உண்மையிலேயே மீள்தொடக்கம்தானா?

2003இல் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற விண்வெளித் தொடர் திரும்ப வந்ததை நினைத்துப் பாருங்கள். 1978 தொடரில் ஆணாக இருந்த ஸ்டார்பக் என்ற பாத்திரம் பெண்ணானது. பழைய தொடரில் அப்பல்லோ என்ற பாத்திரமாக நடித்த ரிச்சர்ட் ஹாட்ச் வந்தார், ஆனால் டாம் சாரெக் என்ற வேறொரு ஆளாக. பழைய கதை அங்கே நடந்ததே இல்லை. ஸ்டார் ட்ரெக் அப்படிச் செய்யப் போவதில்லை. நிமோயும் நடிக்கிறார், அதுவும் ஸ்பாக்காகவே, முதிர்ந்த ஸ்பாக்காக. எதிர்காலத்திலிருந்து ஒருவன் வந்து கடந்த காலத்தைக் கலைப்பதால் புதிய காலக்கோடு (நிகழ்வுகளின் தனி வரிசை) ஒன்று பிரிகிறது. பல உலகங்கள் இணையாக இருக்கும் என்கிற பல்லுலகக் கொள்கையைச் சொல்லி, பழைய காலக்கோடு அழியாமல் தன் பாட்டுக்கு இருக்கும் என்று திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான ராபர்ட்டோ ஓர்சி பேட்டியில் விளக்கியிருக்கிறார். நாற்பது வருடமாகப் பார்த்ததெல்லாம் பொய்யாகிவிடுமோ என்று கலங்கியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். எனக்கும்தான்.

இதற்கு நம் வயலில் சொல் காத்திருக்கிறது: மறுதாம்பு. கரும்பை வெட்டிய பிறகு கட்டையைத் தோண்டி எறியாமல் விட்டால் அதே வேரிலிருந்து புதுத் தோகை வருமே, அது. வேர் பழையது, உயிரோடு இருக்கிறது. மேலே நிற்பது முழுக்கப் புதியது. நிமோய் நடிக்கும் ஸ்பாக்தான் அந்த வேர். கலாக்டிகாவுக்கு இது பொருந்தாது. அங்கே கட்டையைப் பிடுங்கிவிட்டு அதே ரகத்தைப் புதிதாக நட்டார்கள், அதை ‘மறுநடவு’ எனலாம். மீள்தொடக்கம் என்ற பொதுச்சொல்லின் கீழ் இரண்டு வகை. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கிறார்கள் என்பதற்காக நாமும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

> மறுதாம்பில் விளைச்சல் குறையும். படம் வருவதற்கு முன்பே குறை சொல்வதுபோல் ஆகாதா?

நல்ல கேள்வி. சொல் குறிப்பது வளரும் முறையை, விளைச்சலை அல்ல. உழவர்கள் வீணாக மறுதாம்பு விடுவதில்லை. வேர் நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் விடுகிறார்கள். ‘பாரமவுண்ட் ஸ்டார் ட்ரெக்கை மறுதாம்பு விட்டிருக்கிறது’ என்ற வாக்கியத்தில் எனக்கு அந்த நம்பிக்கைதான் கேட்கிறது.

இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றுவதற்கு முன் இரண்டு விஷயத்தில் உங்கள் கருத்து வேண்டும். ‘வேடக் கைமாற்றம்’ செய்தித் தலைப்புக்கு நீளமா? நகரத்தில் வளர்ந்த இளைஞர்களுக்கு ‘மறுதாம்பு’ விளக்கமில்லாமல் புரியுமா? படம் வெளியாகும் முன்பே முடிவெடுத்துவிட்டால் விமர்சனம் எழுதுகிறவர்கள் முதல் நாளிலிருந்தே பயன்படுத்தத் தொடங்கலாம்.