மர வரைபடம் புரிய வைக்கிறதா, குழப்புகிறதா?

சுடர்:
பையில் 5 சிவப்புப் பந்து, 3 நீலப் பந்து. ஒன்றை எடுத்துத் திருப்பிப் போடாமல் இன்னொன்றை எடுக்கிறோம். ஒவ்வொரு வாய்ப்பையும் ஒரு கிளையாக வரைந்து, அதன் மேல் நிகழ்தகவை எழுதும் மர வரைபடம் போட்டு எல்லாப் பிள்ளைகளும் சரியாகச் செய்தார்கள். அப்புறம், “இரண்டாவது பந்து சிவப்பு என்று தெரிகிறது. முதல் பந்து சிவப்பாக இருந்திருக்க நிகழ்தகவு என்ன?” என்று கேட்டேன். பாதிப் பேர் 5/8 என்றார்கள். “பின்னால் எடுத்தது முன்னால் எடுத்ததை எப்படி மாற்றும்?” என்று என்னையே கேட்கிறார்கள். மரம் போட்டுச் சொல்லித் தருவதில் பயன் இருக்கிறதா?

குறுக்குக்கோடு:
மரம்தான் குற்றவாளி. இடமிருந்து வலமாக வரைகிறோம், பிள்ளைகள் அதைக் காலமாகப் படிக்கிறார்கள். முதல் கிளை நேற்று, அடுத்த கிளை இன்று. நிபந்தனை நிகழ்தகவில் நிபந்தனை என்பது நமக்குக் கிடைத்த தகவல், அது எப்போது நடந்தது என்பதற்கு அங்கே வேலையே இல்லை. இரண்டும் சேர்ந்து நடக்கும் நிகழ்தகவை நிபந்தனையின் நிகழ்தகவால் வகு என்று வாய்பாட்டை நேராகக் கொடுங்கள். படம் எதற்கு?

கிளையோடி:
சேர்ந்து நடக்கும் நிகழ்தகவை எங்கிருந்து எடுப்பீர்கள்? 5/8 × 4/7 = 20/56. அது மரத்தில் ஒரு பாதை. நீலம், பிறகு சிவப்பு என்ற பாதை 3/8 × 5/7 = 15/56. இரண்டும் சேர்ந்து 35/56. 20-ஐ 35-ஆல் வகுத்தால் 4/7. உங்கள் வாய்பாடு மனதுக்குள் வரைந்த மரம்தான். சுடர், கிளை முனைகளில் பெருக்கி வந்த எண்களை எழுதச் சொன்னீர்களா?

சுடர்:
இல்லை. கிளைகளின் மேல் மட்டும்தான் எழுதினார்கள்.

குறுக்குக்கோடு:
எழுதினாலும் எந்த முனைகளை அடித்துவிட வேண்டும் என்று மரம் சொல்லாது. இன்னொன்றைக் கவனித்தீர்களா? கிளையின் மேல் இருக்கும் 4/7, “முதலாவது சிவப்பு என்றால் இரண்டாவது சிவப்பு” என்பதற்கானது. சுடர் கேட்டது அதன் தலைகீழ். அதற்கும் விடை 4/7! படத்தைத் தப்பாகப் படித்தவனுக்கும் முழு மதிப்பெண்.

கிளையோடி:
அட, ஆமாம். முதல் பந்துக்கும் இரண்டாம் பந்துக்கும் சிவப்பாக இருக்க ஒரே வாய்ப்பு என்பதால் இரண்டு திசையும் பொருந்திவிடுகிறது. சோதிக்க இது நல்ல கணக்கே இல்லை. இதை ஒப்புக்கொள்கிறேன், மரத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆயிரம்பேர்:
திசை மாறினால் விடையும் மாறும் கணக்கு வேண்டுமென்றால் நோய்ப் பரிசோதனை. ஆனால் பின்னங்களில் எழுதாதீர்கள். 1000 பேர் என்று தொடங்குங்கள். நோய் உள்ளவர்கள் 10, இல்லாதவர்கள் 990. பரிசோதனை அந்த 10 பேரில் 9 பேரைப் பிடிக்கிறது, 990 பேரில் 99 பேருக்கு வீணாக ‘இருக்கிறது’ என்கிறது. ‘இருக்கிறது’ என்று வந்தவர்கள் 108, உண்மையில் நோயாளிகள் 9. பன்னிரண்டில் ஒருவர்! 1978-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியோடு சேர்ந்த 60 பேரிடம் இதே மாதிரி, வேறு எண்களோடு ஒரு கேள்வி கேட்டபோது கிட்டத்தட்டப் பாதிப் பேர் 95 சதவீதம் என்றார்கள். சரியான விடை 2 சதவீதத்துக்குப் பக்கம். தலைகளை எண்ணிக் கேட்டால் இந்தத் தப்பு வெகுவாகக் குறைகிறது என்று உளவியலாளர்கள் கிகெரென்சரும் ஹொஃப்ராகேயும் 1995-இல் காட்டினார்கள்.

குறுக்குக்கோடு:
எண்ணிக்கை என்று வந்துவிட்டால், நோய் உண்டா இல்லையா என்பதை வரிசையிலும் பரிசோதனை சொன்னதைப் பத்தியிலும் வைத்த இரண்டுக்கு இரண்டு கட்டம் போதுமே. அதற்குத் திசையே கிடையாது. வரிசையாகவும் படிக்கலாம், பத்தியாகவும் படிக்கலாம்.

கிளையோடி:
மூன்று படியாக நடக்கும் சோதனைக்கு என்ன செய்வீர்கள்? கட்டத்துக்குள் கட்டமா? 1889-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்ட்ரண்ட் சொன்ன பெட்டிக் கணக்கைப் பாருங்கள். மூன்று பெட்டி: ஒன்றில் இரண்டு தங்க நாணயம், ஒன்றில் இரண்டு வெள்ளி, ஒன்றில் தங்கம் ஒன்று, வெள்ளி ஒன்று. ஒரு பெட்டியிலிருந்து எடுத்தது தங்கம். மற்றதும் தங்கமா?

குறுக்குக்கோடு:
மரம் போட்டவர்கள்தான் அதில் அதிகம் விழுகிறார்கள். மூன்று கிளை, வெள்ளிப் பெட்டியை அடி, மிச்சம் இரண்டு, எனவே பாதிக்குப் பாதி!

கிளையோடி:
அது பாதியில் நின்ற மரம். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் நாணயத்துக்கு இரண்டு கிளை போடுங்கள். ஆறு முனை, தங்கம் மூன்று, அதில் இரண்டு தங்கப் பெட்டியில். விடை 2/3.

சுடர்:
இன்று மரத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். முதல் கிளையிலேயே “இரண்டாவது பந்து சிவப்பு, 5/8”. உடனே ஒரு பெண், “முதல் பந்தையே இன்னும் எடுக்கவில்லை, இரண்டாவதற்கு எப்படி 5/8?” என்றாள். வகுப்பு அதிலேயே முடிந்துவிட்டது.

குறுக்குக்கோடு:
எட்டுப் பந்துகளையும் குலுக்கி வரிசையாக வைத்து மூடச் சொல்லுங்கள். இரண்டாவது இடத்தை மட்டும் திறக்கட்டும். எட்டில் எந்தப் பந்தும் அங்கே இருந்திருக்கலாம், அவற்றில் ஐந்து சிவப்பு. திறந்தபின் மற்ற ஏழு இடங்களுக்கு மிச்சம் 4 சிவப்பு, 3 நீலம். முதல் இடம் அந்த ஏழில் ஒன்றுதானே என்று அவளிடமே கேளுங்கள்.

கிளையோடி:
இதற்கு மரமும் வேண்டாம், உங்கள் கட்டமும் வேண்டாம் போலிருக்கிறதே.