அந்த ‘கூட்டல் ஒன்று’ எங்கிருந்து வந்தது?

மீதிவிடாதவன்:
நேற்று இன்னொரு இழையில் நொடிக்கணக்கு என்பவர் ஒரு வித்தை காட்டியிருந்தார். முழு வர்க்கம் அல்லாத எந்த எண்ணுக்கும் ஐந்தே நொடியில் வர்க்கமூலமாம். எண்ணுக்குக் கீழே உள்ள முழு வர்க்கத்தைக் கழி. மீதியை, அந்த வர்க்கத்துடைய மூலத்தின் இருமடங்கோடு ஒன்றைக் கூட்டி அதனால் வகு. வந்ததை மூலத்தோடு சேர். அவ்வளவுதான். 7 என்றால் 4 போக மீதி 3, இருமடங்கு 4, கூட்டல் ஒன்று 5, ஆக விடை 2.6. இதற்கு ஆளாளுக்குக் கைதட்டல் வேறு.

கைதட்டியவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஒன்று எங்கிருந்து வந்தது? இரண்டு எண்களின் கூட்டலை வர்க்கப்படுத்தினால் முதல் எண்ணின் வர்க்கம், இருமடங்குப் பெருக்கல், இரண்டாவதின் வர்க்கம் என மூன்று துண்டு வரும். மூன்றாவது துண்டு பொடிசு, விட்டுவிடலாம். மிஞ்சுவது இருமடங்கு மட்டுமே. 10-ஐ எடுங்கள். மூலம் 3, மீதி 1. ஆறால் வகுத்தால் 3.1667. இவர் சொன்னபடி ஏழால் வகுத்தால் 3.1429. உண்மை 3.1623. எது பக்கம் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

நொடிக்கணக்கு:
என் பேரில் தனி இழையா! நன்றி ஐயா. 10-ஐப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறீர்கள். 15-ஐ ஏன் தொடவில்லை? உங்கள் கணக்குப்படி 9 போக மீதி 6, அதை ஆறால் வகுத்தால் 1, ஆக 15-இன் வர்க்கமூலம் நான்கு! அப்போது 16-க்கு என்ன மிச்சம் வைத்தீர்கள்? என் முறையில் 3.857. உண்மை 3.873. அந்த ‘ஒன்று’ எங்கிருந்து வந்தாலும், வந்து வேலை செய்கிறது.

தசமப்புள்ளி:
இருவருக்கும் ஒரு சின்னக் கேள்வி. ‘வர்க்கமூலம் கண்டுபிடிப்பது’ என்று எதைச் சொல்கிறோம்? 7, 10, 15 மூன்றின் மூலமும் விகிதமுறா எண்கள். தசமமாக எழுதினால் முடியவும் முடியாது, சுழலவும் சுழலாது. எத்தனை இடம் வரை சரியாக இருந்தால் போதும் என்று முதலில் பேசிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

மீதிவிடாதவன்:
தசமப்புள்ளி, இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பேச்சு அந்த ‘ஒன்று’ பற்றியது. திசை திருப்ப வேண்டாம்.

நொடிக்கணக்கு அவர்களே, 15-க்கு ஒட்டிக்கொண்டு பக்கத்து வீட்டில் 16 இருக்கும்போது 9-க்கு ஏன் நடந்து போகிறீர்கள்? 16-லிருந்து இறங்குங்கள். குறைவது 1, நான்கின் இருமடங்கு 8, ஆக 4-இல் எட்டில் ஒரு பங்கு குறைத்தால் 3.875. உங்கள் 3.857 எங்கே, இது எங்கே? நீங்கள் போட்ட 7-க்கும் இதே கதைதான். 9-லிருந்து இறங்கினால் 3-இல் ஆறில் இரண்டு போக 2.667. உண்மை 2.6458. உங்கள் 2.6-ஐ விடப் பக்கம். எங்கேயாவது ஒன்று கூட்டினேனா?

இது நான் கண்டுபிடித்ததல்ல. முதல் நூற்றாண்டில் கிரேக்கக் கணிதர் ஹெரான் 720-க்கு மூலம் கண்டபோது 26-ஐத் தொடவே இல்லை, 27-லிருந்து இறங்கினார். 720-ஐ 27-ஆல் வகுத்து, வந்ததையும் 27-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 26.8333. ‘ஒன்பது குறைவு, இருமடங்கு 54’ என்ற நம் கணக்கும் அதையேதான் தரும். உண்மை 26.8328. அங்கேயும் ‘ஒன்று’ இல்லை.

நொடிக்கணக்கு:
ஓகோ. மேலே இருக்கிற வர்க்கத்திலிருந்து இறங்கலாம் என்று உங்கள் முதல் பதிவில் எந்த வரியில் இருக்கிறது? தோற்கப் போகிறோம் என்றதும் கோட்டை அழித்து வேறு இடத்தில் போடுகிறீர்கள். போன மாதம் ‘0.999… ஒன்றுக்குச் சமமா’ இழையிலும் இதைத்தான் செய்தீர்கள். கடைசியில் ‘நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை’ என்று காணாமல் போனீர்கள். எங்களுக்கு மறதி கிடையாது.

மீதிவிடாதவன்:
0.999… இழையில் காணாமல் போனது யார் என்று தேடிப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். ஆனால் நீங்களே எடுத்ததால் சொல்கிறேன், அன்றும் நீங்கள் இப்படித்தான், விடை வந்துவிட்டால் போதும், ஏன் வந்தது என்று கேட்கக் கூடாது. ஏன் என்று கேட்காதது கணக்கில்லை, குறி சொல்வது.

மறுபடி கேட்கிறேன். ‘ஒன்று’ எங்கிருந்து?

வரைபடப்பித்தன்:
ஒரு படம் போட்டால் தெரிந்துவிடும். வர்க்கமூல வளைவு மேல்பக்கம் புடைத்தது. இருமடங்கால் வகுப்பது அந்த வளைவுக்குத் தொடுகோடு போடுவது, எப்போதும் வளைவுக்கு மேலே நிற்கும், விடை கூடுதலாக வரும். இருமடங்கோடு ஒன்றால் வகுப்பது இரண்டு முழு வர்க்கங்களையும் இணைக்கும் நாண், எப்போதும் கீழே கிடக்கும், விடை குறைவாக வரும். 9-க்கும் 16-க்கும் இடைவெளி 7, அதாவது மூன்றின் இருமடங்கும் ஒன்றும். ‘ஒன்று’ வந்தது அங்கிருந்துதான்.

நொடிக்கணக்கு:
கேட்டீர்களா? வந்த இடம் தெரிந்துவிட்டது. இழையை மூடிவிடலாம்.

மீதிவிடாதவன்:
எதை மூடுவது? பித்தன் அவர்களே, நீங்கள் என் பக்கத்தைத்தான் சொல்லியிருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியவில்லை. நாண் என்பது இரண்டு முனையிலும் கட்டிப்போட்ட கயிறு. நடுவில் வளைவு எங்கே போகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? தொடுகோடு வளைவோடு கூடவே கிளம்புகிறது. ‘ஒன்று’ எந்த இடைவெளியிலிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. எந்த நியாயத்தில் வந்தது என்று கேட்டேன்.

வரைபடப்பித்தன்:
நான் யார் பக்கமும் சொல்லவில்லை. படம் சொல்லியது.

ஏட்டுச்சுவடி:
பெரியவர்கள் பேசுமிடத்தில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 499-இல் ஆரியபட்டர் வர்க்கமூலத்துக்குச் சொன்ன விதியில், வர்க்கமல்லாத இடத்தை (பத்து, ஆயிரம் போன்ற இடங்களை) எப்போதும் மூலத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அதற்கும் ஓராயிரம் ஆண்டுக்கு முன்பே, வேள்வி மேடைக்கு அளவு சொல்லும் சுல்ப சூத்திரத்தில் இரண்டின் மூலத்துக்கு 577-இன் கீழ் 408 என்ற பின்னம் வந்துவிடுகிறது. தசமத்தில் 1.414216, ஐந்து இடம் வரை சரி. பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றிலோ இன்னும் நெருக்கம், 1.414213. நம்மவர்களும் பிறரும் இத்தனை நுட்பமாகக் கண்டதை இங்கே 2.6-ஆ 2.67-ஆ என்று…

மீதிவிடாதவன்:
ஏட்டுச்சுவடி ஐயா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை. எல்லோரும் படியுங்கள். ‘எப்போதும் மூலத்தின் இருமடங்கால்.’ ஆரியபட்டரே சொல்லிவிட்டார். ‘இருமடங்கோடு ஒன்றால்’ என்று சொன்னாரா? இல்லை. ஐந்து நொடியில் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டு பழைய ஒரு வரியைப் படிக்க நேரமில்லை.

நொடிக்கணக்கு:
அடுத்த வரியையும் படியுங்கள் ஐயா. வந்த ஈவின் வர்க்கத்தை அடுத்த இடத்திலிருந்து கழிக்கச் சொல்கிறார். நீங்கள் ‘பொடிசு, விட்டுவிடலாம்’ என்று தூக்கிப் போட்ட அந்த மூன்றாவது துண்டை அவர் தூக்கிப் போடவில்லை. பாதி வரியை மேற்கோள் காட்டுவதற்குப் பெயர் என்ன?

பழசுதான் வேண்டுமென்றால், இடைக்கால அரபுக் கணிதர்கள் மீதியை இருமடங்கும் ஒன்றும் சேர்ந்ததால்தான் வகுத்தார்கள். அவர்களும் குறி சொன்னார்களா?

சும்மாவந்தேன்:
கால்குலேட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் வரும். எதற்கு இத்தனை கூப்பாடு?

மீதிவிடாதவன்:
வந்துவிட்டார். பொத்தானுக்கு உள்ளே யார் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள் தம்பி? உள்ளேயும் ஏதோ ஒரு முறைதான் ஓடுகிறது. அதுவும் பத்துப் பன்னிரண்டு இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

சும்மாவந்தேன்:
சரி, கோபப்படாதீர்கள். வாட்ஸாப்பில் பழைய தமிழ்ப் பாட்டு என்று ஒரு சூத்திரம் வந்தது. செங்கோண முக்கோணத்தில் நீளத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கைத் தள்ளி, உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணமாம். வர்க்கமும் வேண்டாம், மூலமும் வேண்டாம். 4-க்கும் 3-க்கும் போட்டுப் பார்த்தேன், கனகச்சிதமாக 5. 12-க்கும் 5-க்கும் 13. நம் முன்னோர் இதை எப்போதோ முடித்துவிட்டார்கள். நீங்கள் இன்னும் ஒன்றைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

வரைபடப்பித்தன்:
1-க்கும் 1-க்கும் போடுங்கள். 1.375 வரும். உண்மை 1.414.

சும்மாவந்தேன்:
அது நீளமும் உயரமும் ஒன்றாக இருந்தால். அதற்குச் சொல்லவில்லை.

வரைபடப்பித்தன்:
15-க்கும் 8-க்கும் 17.125 வருகிறது. 17 வர வேண்டும்.

சும்மாவந்தேன்:
பழைய பாட்டைக் குறை சொல்ல ஒரு கூட்டம் எப்போதும் தயாராக இருக்கும்.

ஏட்டுச்சுவடி:
அந்தப் பாட்டின் நடையைப் பார்த்தாலே பழையது போல இல்லையே. பழமைக்கு நானும் வக்காலத்து வாங்குகிறவன்தான், ஆனால் இதற்கு வாங்க மாட்டேன்.

சும்மாவந்தேன்:
சுல்ப சூத்திரம் என்றால் நுட்பம், தமிழ்ப் பாட்டு என்றால் நடை சரியில்லை. புரிகிறது, புரிகிறது.

ஏட்டுச்சுவடி:
நான் அப்படிச் சொல்லவே இல்லை!

மீதிவிடாதவன்:
பாட்டுச் சண்டைக்கு வேறு இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே கேட்டது அந்த ‘ஒன்று’.

பித்தன் நாண் என்கிறார், நொடி அரபு என்கிறார். நான் நீள் வகுத்தலைச் சொல்கிறேன். 7-ஐ எடுங்கள். 2 போட்டு 4 கழித்தால் மீதி 3. இரண்டு பூச்சியம் இறக்கி 300. மூலத்தின் இருமடங்கு 4, பக்கத்தில் ஓர் இடம் விட்டு, அந்த இடத்தில் 6 போட்டு 46, ஆறு முறை 276, மீதி 24. மறுபடி 2400. 26-இன் இருமடங்கு 52, பக்கத்தில் 4, நான்கு முறை 2096. இப்படியே 2.64, 2.645 என்று எத்தனை இடம் வேண்டுமானாலும் போகலாம். ஒவ்வொரு படியிலும் இருமடங்கு, இருமடங்கு, இருமடங்கு. ஒன்றைக் கூட்டும் படி எது? எந்தப் படி?

தசமப்புள்ளி:
நீங்களே இப்போது சொல்லிவிட்டீர்கள். 4-க்குப் பக்கத்தில் 6 போட்டு 46. அதாவது வகுத்தது வெறும் 4-ஆல் அல்ல, 4.6-ஆல். கிடைக்கப் போகும் பின்னம் எதுவோ அதையும் இருமடங்கோடு சேர்த்துத்தான் வகுக்கிறோம். 3-ஐ 4.6458-ஆல் வகுத்தால் 0.6458 வரும், அதுவே விடையின் பின்னப்பகுதி. பின்னம் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருப்பதால், அதைப் பூச்சியம் என்று வைத்தால் மீதிவிடாதவன் முறை, ஒன்று என்று வைத்தால் நொடிக்கணக்கு முறை. இருவரும் ஒரே வாசலின் இரண்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். வந்த விடையை மறுபடி பகுதியில் போட்டுக்கொண்டே போனால் தொடர் பின்னம். 7-க்கு 2.6-லிருந்து தொடங்குங்கள். 3-ஐ 4.6-ஆல் வகுத்தால் 0.652, அதைப் போட்டு வகுத்தால் 0.645. இரண்டே சுற்று.

மீதிவிடாதவன்:
நிலையோ வாசலோ, 4.6 என்றுதானே சொன்னீர்கள்? 5 என்று சொல்லவில்லையே. முடிந்தது. நன்றி.

நொடிக்கணக்கு:
4 என்றும் சொல்லவில்லை! 4.6 எதற்குப் பக்கம், நான்குக்கா ஐந்துக்கா?

மீதிவிடாதவன்:
10-க்குப் போடுங்கள், 6.16 வரும். ஆறுக்குப் பக்கமா ஏழுக்கா? ஓர் எண்ணை வைத்து ஊரை ஏமாற்றலாம், எல்லா எண்ணையும் வைத்து முடியாது. பக்கத்து வர்க்கம், இருமடங்கு. இதில் தோற்கும் ஓர் எண்ணைக் காட்டுங்கள், நான் இந்தப் பெயரையே மாற்றிக்கொள்கிறேன்.

வரைபடப்பித்தன்:
12.

மீதிவிடாதவன்:
என்ன 12?

வரைபடப்பித்தன்:
பக்கத்து வர்க்கம் 9. உங்கள் முறையில் 3.5. 16-லிருந்து இறங்கினாலும் அதே 3.5. ஒன்று கூட்டினால் 3.42857. உண்மை 3.46410. உங்கள் பிழை 0.0359, அவர் பிழை 0.0355. அடுத்தடுத்த இரண்டு எண்களின் பெருக்கலாக வருபவை எல்லாமே இப்படித்தான். 2, 6, 20, 30 போட்டுப் பாருங்கள், அத்தனையிலும் ‘கூட்டல் ஒன்று’ மயிரிழையில் முந்தும்.

நொடிக்கணக்கு:
புதுப்பெயர் என்ன வைக்கப் போகிறீர்கள் ஐயா? ‘மீதிவிட்டவன்’ காலியாகத்தான் இருக்கிறது.

மீதிவிடாதவன்:
பத்தாயிரத்தில் நான்கு பங்குகூட இல்லாத வித்தியாசத்துக்கு வெற்றி ஊர்வலமா? ‘தோற்பது’ என்று நான் சொன்னது கண்ணுக்குத் தெரிகிற மாதிரித் தோற்பது. அந்த அர்த்தத்தில் 12 ஒரு சமன். போதாததற்கு, என் 3.5-ஐ இன்னொரு சுற்று விட்டால், 12-ஐ அதனால் வகுத்துச் சராசரி எடுத்தால், 3.4643. இரண்டே வரியில் முதல் மூன்று தசம இடமும் சரி. அந்த முறையிலும் ‘ஒன்று’ கிடையாது.

நொடிக்கணக்கு:
‘அந்த அர்த்தத்தில்.’ 0.999… இழையில் கடைசிப் பதிவு என்னவென்று யாராவது இங்கே எடுத்துப் போடுங்கள்.

என் 3.42857-ஐயும் அதே சுற்றில் விட்டால் 3.4643-தான் வருகிறது. சுற்று எல்லோருக்கும் சொந்தம்.

தசமப்புள்ளி:
எத்தனை தசம இடம் வேண்டும் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

ஏட்டுச்சுவடி:
வர்க்கமூலம் என்ற சொல்லையே விட்டுவிட்டு இருபடி மூலம் என்று எழுதலாமே என்று முதலிலேயே சொல்ல நினைத்தேன்.

சும்மாவந்தேன்:
இப்போது மட்டும் தமிழ் வேண்டுமா?

மீதிவிடாதவன்:
வர்க்கமூலம் என்றே எழுதுவேன். நான் படித்தது அப்படி. 2, 6, 20, 30 நான்கையும் காகிதத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன், இரவு முழுப் பதிவாக இடுகிறேன். அதுவரை நொடிக்கணக்கு அவர்கள் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: அந்த ‘ஒன்று’ எங்கிருந்து வந்தது?