வாய் ஈரமாச்சு, இடுப்பு அரிச்சுது: பேட்ச் ஒட்டின கதை

அரிசி களையக் குழாயைத் திறந்தால் போதும், எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வரும். காரிலிருந்து இறங்கும்வரை ஒன்றும் இருக்காது. வாசலில் நின்று பையில் சாவியைத் துழாவும்போதுதான் உயிர் போகும். நியூஜெர்சி எடிசனிலிருந்து ரயிலில் மன்ஹாட்டன் வேலைக்குப் போன காலத்தில், எந்த ஸ்டேஷனில் எந்தப் பக்கம் பாத்ரூம் என்பது மனப்பாடம். ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று ஏழு வருஷம் ஓட்டினேன். சுத்த முட்டாள்தனம்.

டாக்டர் சர்க்கரையும் இல்லை, யூரின் இன்ஃபெக்‌ஷனும் இல்லை என்று பார்த்துவிட்டு, காபியைக் குறைக்கச் சொன்னார். மூன்று நாள் எத்தனை தடவை போகிறேன் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். ஒரு நாள் 14. பிறகு மூத்திரப்பையின் அவசரத்தை அடக்கும் ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை. அவசரம் அடங்கியது, ஆனால் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. தயிர்சாதம் இறங்கவே மோர் வேண்டியிருந்தது. வாய் காய்கிறதே என்று தண்ணீர் குடிப்பேன், குடித்ததற்கு மறுபடி ஓடுவேன். மாத்திரை போட்டு என்ன லாபம்?

அப்போதுதான் அதே மருந்தைத் தோலில் ஒட்டும் பேட்சாக எழுதிக்கொடுத்தார். விழுங்கினால் குடலும் கல்லீரலும் அதில் பெரும்பங்கை வேறொரு பொருளாக மாற்றிவிடுமாம். வாயைக் காயவைப்பதில் அதற்குத்தான் முக்கியப் பங்காம். தோல் வழியாகப் போனால் மருந்து நேராக ரத்தத்தில் கலக்கும், அந்தப் பொருள் குறைவாகவே உண்டாகும். அமெரிக்காவில் 2003-லேயே ஒப்புதல் கிடைத்த பேட்ச் இது. ஒரு நாளைக்கு 3.9 மில்லிகிராம் உள்ளே போகும், வாரத்துக்கு ரெண்டு ஒட்ட வேண்டும். நான் ஞாயிறும் புதனும் வைத்துக்கொண்டேன்.

முதல் பேட்ச் ரெண்டே நாளில் ஓரம் சுருண்டு வந்துவிட்டது. தப்பு என்னுடையது. இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடத்திலேயே ஒட்டியிருந்தேன். ரெண்டாவது வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலோடு போச்சு. எண்ணெய், லோஷன், பவுடர் எதுவும் பட்ட தோலில் ஒட்டக்கூடாது என்று உள்ளே இருந்த தாளில் போட்டிருந்ததை அப்புறம்தான் படித்தேன். வெறும் தண்ணீரில் குளித்தால் ஒன்றும் ஆகாது. இப்போது குளித்து, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, அடிவயிற்றில் நாடாவுக்குக் கீழே ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கிறேன். அடுத்தது இடது பக்கம், அதற்கடுத்தது பிட்டத்தில். ஒரே இடத்துக்கு ஏழு நாளுக்குள் திரும்பி வரக்கூடாது. எடுத்த பிறகு தோலில் நிற்கும் பசையை சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்ப்பேன். அதற்கும் போகாவிட்டால், ஒட்டும்போது ஆகாத எண்ணெய்தான் அங்கே கைகொடுக்கிறது!

மூன்றாம் வாரம் வாயில் எச்சில் ஊறியதே பெரிய சந்தோஷம். தடவை 8, 9-க்கு வந்தது. ஆனால் எடுத்த இடத்தில் சதுரமாகச் சிவந்து அரிக்கும், ஒரு நாளில் மங்கும். சோதனையில் 100-க்கு சுமார் 17 பேருக்கு இந்த அரிப்பு இருந்ததாம், மருந்தில்லாத பேட்ச் ஒட்டியவர்களில் 6 பேருக்கு. அந்த 17-ல் நானும் ஒருத்தி. வாய் காய்வதற்கு இது தேவலை என்பேன்.

— — —

ஹூஸ்டன் தாத்தா:
அம்மா, எனக்குப் பேட்ச் ஒத்துக்கலை, கொப்புளமே வந்துடுச்சு. அதே மருந்து ஜெல்லா வந்தது, தினம் ஒரு பாக்கெட், தொடையிலயோ தோள்லயோ தடவணும். ஆம்பளைங்க கவனிக்க ஒண்ணு: எனக்கு முதல்ல ப்ராஸ்டேட்டைப் பார்த்து, ஒண்ணுக்குப் போனதுக்கப்புறம் பையில எவ்வளவு மிச்சம் நிக்குதுன்னு ஸ்கேன்ல அளந்துட்டுத்தான் குடுத்தாங்க. அடைப்பு இருக்கறப்போ இதைப் போட்டா ஒண்ணுக்கு சுத்தமா நின்னு போயிடலாம். அப்புறம் அந்த ஜெல்லுல ஆல்கஹால் இருக்கு, காயற வரைக்கும் நெருப்புகிட்டப் போகக்கூடாது. நான் குளிச்சதும் தடவிட்டு நேரா விளக்கேத்தப் போற ஆள். மருமக பார்த்துட்டு ஒரு சத்தம் போட்டா பாருங்க! இப்ப முதல்ல பூஜை, அப்புறம் ஜெல். தடவின இடத்தைத் துணியால மூடி, கையைக் கழுவிட்டுத்தான் பேரனைத் தூக்கறேன்.

— — —

டல்லாஸ் மகள்:
அக்கா, பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க, 78 வயசு அம்மாவுக்கு நடந்ததைச் சொல்றேன். பேட்ச் அரிக்குதுன்னு கடையில சீட்டில்லாம கிடைக்கற டைபென்ஹைட்ரமின்ங்கற அலர்ஜி மாத்திரையை ராத்திரில போட்டுக்கிட்டாங்க, எங்களுக்குத் தெரியாது. நாலாம் நாள் ராத்திரி எழுந்து, செத்துப்போன பெரியப்பாவுக்குக் காபி கலக்கறாங்க. டம்ளர் வச்சு, ஆத்தி, சோபா முன்னாடி நீட்டறாங்க. எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிடுச்சு. டாக்டர் கேட்டதும் புரிஞ்சுக்கிட்டார்: ரெண்டு மருந்தும் ஒரே வேலையைத்தான் செய்யுது, மூளையில நரம்புகளுக்கு நடுவுல சேதி கடத்தற அசிட்டைல்கோலினைத் தடுக்குது. வாய் காயலைங்கறதால பேட்ச் மூளைக்குப் போகலைன்னு அர்த்தமில்லையாம். ரெண்டையும் நிறுத்தினோம், மூணு நாள்ல தெளிஞ்சாங்க. இப்ப மிராபெக்ரான், அது வேற வகை. பிரஷர் மட்டும் பார்த்துக்கறோம்.

— — —

எடிசன் (பதிவு எழுதியவள்):
தங்கச்சி, இதைப் படித்துவிட்டு மருந்துப் பெட்டியைக் குடைந்தேன். போன மாதம் ஜலதோஷத்துக்கு வாங்கிய இரவு மாத்திரையிலும் அதே டைபென்ஹைட்ரமின்தான் இருக்கிறது. குப்பையில் போட்டாச்சு. தாத்தா, ஜெல் தடவி எவ்வளவு நேரம் கழித்துக் குளிக்கலாம்?

ஹூஸ்டன் தாத்தா:
ஒரு மணி நேரம்மா.