புதுப்பிப்பு: மையர் குடும்பப்பேரும் அந்த ஸ்பெல்லிங் கேள்வியும்

போன வாரம் ஜெர்மன் குடும்பப்பேர் மையர் பத்தி எழுதினேன்ல, லத்தீன் மையோர்ல இருந்து வந்தது, பிரபுவோட பண்ணைய பாத்துக்கிட்டு குத்தகை வசூல் பண்ணின ஆளோட பதவிப்பேர்னு. அதுக்கு நிறைய பேர் கேட்டது, ஒரே பேருக்கு எதுக்கு Meyer, Mayer, Maier-னு இத்தனை ஸ்பெல்லிங்?

அந்தக் காலத்துல பாதிரியார் காதுல விழுந்தத அப்படியே சர்ச் பதிவேட்டுல எழுதிடுவாரு, அதனால அப்பாவுக்கு ஒரு மாதிரி பிள்ளைக்கு ஒரு மாதிரி இருக்கும். 1874ல பிரஷ்யாங்கிற பெரிய ஜெர்மன் மாநிலத்துலயும், 1876ல ஜெர்மன் பேரரசு முழுக்கவும் பிறப்பு, கல்யாணம், இறப்ப அரசே பதிவு பண்ற முறை வந்ததும் ஸ்பெல்லிங் அப்படியே நின்னுபோச்சு. வடக்க வாரெல்ல பிறந்த வேதியியல் அறிஞர் லோத்தர் மையருக்கு இ-ஒய் (Meyer), தெற்க ஹைல்பிரான் ஊர் இயற்பியல் அறிஞர் ராபர்ட் மையருக்கு ஏ-ஒய் (Mayer), பவேரியா கால்பந்து கோல்கீப்பர் செப் மையருக்கு ஏ-ஐ (Maier). எவ்ளோ அழகா இருக்கு பாருங்க!

யூதக் குடும்பங்கள்ல மட்டும் கதை வேற, அங்க பல பேருக்கு இது ஹீப்ரு மெயிர்ல இருந்து வந்தது, ஒளி தருபவர்னு அர்த்தம்.

ஜெர்மனியில அதிகம் பேர் வச்சிருக்கிற குடும்பப்பேர் எதுன்னு ஒவ்வொரு ஸ்பெல்லிங்கயும் தனித்தனியா எண்ணினா முல்லர்தான் முதலிடம், ஆனா மையர் வகையறாவ ஒண்ணா கூட்டினா பட்டியல்ல நல்லாவே மேல ஏறும். முன்னோர தேடுறவங்க எல்லா ஸ்பெல்லிங்லயும் தேடுங்க, ப்ளீஸ்.