சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டிக்கு மாற வேண்டும், க்ளோன் பண்ணலாமா?

பட்டர்வொர்த் டீச்சர்:
வணக்கம். 2017இல் வாங்கிய மடிக்கணினி, ஐ5 ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். இப்போதெல்லாம் பொத்தானை அழுத்திவிட்டுப் போய் காப்பி கலக்கிக் குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சில கோப்புறையைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது, உள்ளே மெல்லிசாக டிக் டிக் சத்தம் வேறு. டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டுகிறது, சி5 என்ற வரியில் ஏதோ எண் ஏறிக்கொண்டே போகிறது. பினாங்குத் தீவுப் பக்கம் ஒரு கடையில் கேட்டேன். டிஸ்க் மாற்றலாம், ஆனால் உள்ளே உள்ளது எல்லாம் போய்விடும், அதை எடுக்கத் தனிக் காசு, எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் சொல்வோம் என்றார்கள். பள்ளிப் பயிற்சித்தாள்கள், தண்ணீர்மலைத் தைப்பூசப் படங்கள், காலமான அப்பாவின் படங்கள் எல்லாம் அதில்தான். என் தம்பி, சுழலும் தட்டு இல்லாத புது எஸ்எஸ்டி வாங்கி, பழையதை முழுதாக அப்படியே அதில் நகலெடுத்து க்ளோன் பண்ணு, அரை மணி நேர வேலை என்கிறான். எந்த எஸ்எஸ்டி வாங்க வேண்டும் என்றும் தெரியவில்லை. வீட்டிலேயே செய்யலாமா?

பாயான் லெப்பாஸ் ஷிஃப்ட்காரன்:
டீச்சர், முதலில் அதை ஆஃப் பண்ணுங்க. தம்பி சொல்வது நல்ல டிஸ்குக்குச் சரி, இதற்கு வேண்டாம். சி5 என்பது டிஸ்க் படித்துப் பார்த்து முடியாமல், அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்திருக்கும் செக்டர்களின், அதாவது டிஸ்கின் சின்னச் சின்னப் பகுதிகளின், கணக்கு. அது ஏறுகிறது என்றால் பழுது பரவிக்கொண்டிருக்கிறது. க்ளோன் மென்பொருளுக்கு உங்கள் அப்பா படமும் விண்டோஸின் குப்பைக் கோப்பும் ஒன்றுதான், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை படித்துக்கொண்டே போகும், கெட்ட இடத்தில் மாட்டினால் அதையே திரும்பத் திரும்பப் படிக்க முயலும், பாதியில் டிஸ்க் உயிரை விட்டால் எது வந்தது எது வரவில்லை என்றே தெரியாது.

அதனால் வேண்டியதை மட்டும் முதலில் எடுங்க. விண்டோஸுக்குள் போகாதீங்க, அது உள்ளே போனாலே பின்னால் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும். வேறு கணினியில் ஒரு பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம்) ஏற்றி, உங்கள் மடிக்கணினியை அதிலிருந்தே பூட் பண்ணி, அப்பா படங்கள் முதலில், பிறகு பள்ளி வேலை என்று வெளி டிஸ்குக்கு நகல் எடுங்க. ஏதாவது ஒரு கோப்பில் நின்றுபோனால் அதோடு மல்லுக்கட்டாமல் அடுத்ததற்குப் போய்விடுங்க. டிக் டிக் சத்தம் விடாமல் டக் டக் என்று கேட்க ஆரம்பித்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்க. அதற்குமேல் டேட்டா மீட்கும் ஆய்வகத்து வேலை. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள், பினாங்கு ஈரக்காற்றில் வெளியே எடுத்த நிமிடமே உள்ளே நீர் கோத்துவிடும்.

லோ யாட் சுற்றி:
கோலாலம்பூரிலிருந்து. எதை வாங்குவது என்பதற்கு: 2.5 அங்குல சாட்டா (டிஸ்கைக் கணினியோடு இணைக்கும் வழக்கமான முறை) எஸ்எஸ்டி, 7 மிமீ தடிமன். இருக்கிற டிஸ்க் 2.5 அங்குல சாட்டாவாகத்தான் இருக்கும், அதை எடுத்த இடத்திலேயே இது உட்காரும். உங்கள் மாடலில் பட்டையான சின்ன எஸ்எஸ்டி செருகும் எம்.2 துளையும் இருக்கலாம், ஆனால் அந்தக் காலத்து மாடல்கள் சிலவற்றில் அது சாட்டா எம்.2 மட்டும்தான் ஏற்கும், அதைவிட வேகமான என்விஎம்இ வகையை வாங்கிச் செருகினால் கணினி கண்டுகொள்ளவே கொள்ளாது. அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் போட்டு சர்வீஸ் மேனுவலைத் தேடிப் பார்க்காமல் அதை வாங்க வேண்டாம். சாட்டா வினாடிக்கு சுமார் 550 எம்பி, என்விஎம்இ அதைப் போல ஆறு மடங்கு என்று விளம்பரம் பார்த்து ஏங்கவும் வேண்டாம். உங்களுக்கு வித்தியாசம் தெரியப்போவது, ஹார்ட் டிஸ்கில் தட்டைப் படிக்கும் ஊசி நகரும் நேரம் இல்லாமல் போவதில்தான், அது இரண்டிலும் கிடைக்கும்.

ஆன்லைனில் 16 டிபி எஸ்எஸ்டி சாப்பாட்டுக் காசுக்கு வரும், கிட்டே போகாதீங்க. உள்ளே சின்ன மெமரி கார்டைச் செருகி அளவை மட்டும் பொய்யாகக் காட்டுவார்கள், நிறைந்ததும் பழைய கோப்பின் மேலேயே எழுதும். இங்கே கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவோ உங்கள் ஊர்க் கடையோ, உள்ளூர் உத்தரவாத ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்க. 2018இலேயே வெஸ்டர்ன் டிஜிட்டல் பெட்டாலிங் ஜெயாவில் இருந்த ஹார்ட் டிஸ்க் ஆலையை மூடப்போவதாக அறிவித்துவிட்டது, நாம் இன்னும் சுழலும் தட்டை வைத்துக்கொண்டு அல்லாடுகிறோம் லா.

செந்தூல் ஐடி:
மேலே சொன்னதோடு ஒன்று. விண்டோஸைப் புதிதாகவே நிறுவுங்க. உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது, முன்பு ஆக்டிவேட் ஆகியிருந்தால் அதே பதிப்பை நிறுவி இணையத்தில் இணைத்ததும் தானாக ஆகிவிடும். ஆனால் ஏழாம் தலைமுறை ஐ5 விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. பயிற்சித்தாள் தட்டச்சும் யூடியூபும்தான் என்றால், அந்தப் பென்டிரைவில் இருக்கும் மின்டையே நிறுவிவிடலாம் என்பது என் கருத்து, சண்டைக்கு வராதீங்க.

அப்புறம், மின்டில் திறக்கும்போது டிஸ்க் பூட்டியிருப்பதாகச் சொன்னால் அது பிட்லாக்கர், விண்டோஸ் டிஸ்குக்குப் போடும் பூட்டு. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் 48 இலக்க மீட்புச் சாவி இருக்கும், கைப்பேசியிலேயே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டர்வொர்த் டீச்சர்:
அண்ணன்மார்களுக்கு மிக்க நன்றி. அப்பா படங்கள் முழுதாக வந்துவிட்டன! தைப்பூசத்தில் ஒரு வருடத்துக் கோப்புறை மட்டும் வரவில்லை. எஸ்எஸ்டி வாங்கியாயிற்று. திறப்பதற்கு முன் ஏதாவது கவனிக்க வேண்டுமா? பழைய டிஸ்கை என்ன செய்வது, பழைய சாமான்காரரிடம் போடலாமா? மாணவர் விவரமும் அதில் இருக்கிறது.

பாயான் லெப்பாஸ் ஷிஃப்ட்காரன்:
சார்ஜரைப் பிடுங்கி, மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்க. பழைய டிஸ்கைச் சுற்றி ஒரு தகரச் சட்டமும் பக்கத்தில் குட்டித் திருகாணிகளும் இருக்கும், எஸ்எஸ்டியோடு அவை வராது, அதனால் பத்திரமாகக் கழற்றி இதில் மாட்டுங்க. சில மாடலில் டிஸ்கிலிருந்து பட்டையான கேபிள் போகும், கேபிளை இழுக்காமல் அதன் முனையில் இருக்கும் தாழ்ப்பாளைத் தூக்குங்க.

டிஸ்கைச் சாமான்காரரிடம் போடாதீங்க. ஃபார்மட் பண்ணினாலும் கெட்ட செக்டரில் இருப்பதை அழிக்க முடியாது. விடுபட்ட கோப்புறை வேண்டாம் என்று முடிவானபிறகு உடைத்துவிடுங்க. 2.5 அங்குல டிஸ்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சுத்தியலால் ஒரு அடி போட்டால் தூளாகும், அதனால் பழைய துண்டில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு அடிங்க, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்க. அதன்பிறகு மின்கழிவுப் பெட்டியில் போடலாம்.