ஸ்டுடியோ கைமாறியபோது உங்கள் டீமில் யார் தங்கினார்கள்?

நான் கேம் ஸ்டுடியோவில் புரோகிராமர். எங்களை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியபோது 60 பேர் இருந்தோம். அன்று எல்லாரையும் கூட்டி, "உங்கள் வேலையில் எதுவும் மாறாது" என்றார்கள். சரி, நம்பினோம். கையோடு ஒரு கடிதமும் வந்தது. 2 வருடம் இருந்தால் போனஸ் முழுசாகக் கிடைக்கும், முன்னாடியே போனால் ஒன்றும் இல்லை.

முதல் வருடம் ஒருவர்கூடப் போகவில்லை. அதைப் பார்த்து மேலிடம் மகிழ்ந்தது. ஆனால் கதவு திறக்கும் அனிமேஷனை மாற்ற வேண்டுமென்றால் முன்பெல்லாம் பக்கத்து மேசைக்குப் போய்க் கேட்பேன். அப்புறம் அதற்கே படிவம், மூன்று பேர் ஒப்புதல். எந்த கேமைச் செய்வது என்பதிலும் எங்கள் பேச்சு எடுபடவில்லை. மனசளவில் பலர் அப்போதே கிளம்பிவிட்டார்கள்.

போனஸ் கணக்கில் ஏறிய வாரத்தில் 6 பேர் ராஜினாமா கொடுத்தார்கள். அதில் ஒருவர் எங்கள் என்ஜினின், அதாவது கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளின், லைட்டிங்கை எழுதியவர். அடுத்த மாதமே நிழல்கள் மினுக்க ஆரம்பித்தன. தேடித் தேடி அந்த நிரல் பகுதியைக் கண்டுபிடித்தபோது மேலே அவர் எழுதிய ஒரு வரி: "இதைத் தொடும் முன் என்னிடம் கேட்கவும்." சரிசெய்ய 5 வாரம் ஆனது. அவரோடு என்ன போனது என்று எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது.

*

நான் புரொட்யூசர். பணம் ஆளை நிறுத்தும், கொஞ்ச காலத்துக்கு. 2022-ல் சோனி, பஞ்ஜி என்ற கேம் ஸ்டுடியோவை 360 கோடி டாலருக்கு வாங்கியபோது அதில் 120 கோடி டாலர் ஊழியர்களைத் தக்கவைப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 2024 ஜூலையில் அங்கே 220 பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள். எங்கள் இடத்திலும் இதே கதைதான். தங்க விரும்பியவர்களையே கழித்தார்கள். மிச்சமிருந்த நாங்கள் அடுத்த வாரமே ரெஸ்யூமே தூசி தட்டினோம்.

*

என் அனுபவம் வேறு மாதிரி. விற்பதற்கு முன் சம்பளமே தள்ளித் தள்ளி வந்துகொண்டிருந்தது. வாங்கியவர்கள் முதல் மாதமே பாக்கியைத் தீர்த்தார்கள். டிசைன் முடிவுகளை எங்கள் இயக்குநரிடமே விட்டார்கள். 2019-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய டபுள் ஃபைன் ஸ்டுடியோவில், செலவு கருதி வெட்டிய பாஸ் சண்டைகள் (பெரிய எதிரியோடு மோதும் கட்டங்கள்) அவர்களுடைய சைக்கோனாட்ஸ் 2 கேமுக்குள் திரும்ப வந்தன. எங்களுக்கும் அப்படித்தான், கைவிட்ட ஒரு முழு லெவலை மறுபடி திறந்தோம். அதைச் செய்த 9 பேரும் இன்னும் அதே அறையில்தான் இருக்கிறோம்.

நிழல் பிழை பற்றி எழுதியவருக்கு: போனவரைக் கூப்பிட்டுக் கேட்க உங்களை விட்டார்களா? எங்கள் பழைய நிர்வாகம் விடவில்லை.