ஜாக்கி ஸ்டாண்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

ஆயில் மாற்றுவது, சக்கரங்களை இடம் மாற்றிப் போடுவது, பிரேக் பேடு தேய்மானம் பார்ப்பது என்று வீட்டிலேயே காருக்குச் செய்துகொள்ளக்கூடிய வேலைகளுக்கு ஒரு சின்னக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் அத்தியாயம் வண்டியைப் பத்திரமாகத் தூக்கி நிறுத்துவது பற்றியது. அதிலேயே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்: ஜாக்கி ஸ்டாண்ட்.

வண்டியைத் தூக்குவது ஜாக்கி. தூக்கிய பிறகு அடியில் ஒன்றை வைத்து, ஜாக்கியை மெல்ல இறக்கி, பாரத்தை அதன்மேல் உட்கார வைக்கிறோமே, அந்த மூன்று கால் அல்லது நான்கு கால் இரும்புச் சாமான்தான் ஜாக்கி ஸ்டாண்ட். பழகியவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. பழகாதவர் காதில் அது எப்படி விழுகிறது என்பதைப் போன வாரம் பார்த்தேன். வரைவைத் தம்பியிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். "ஜாக்கி ஸ்டாண்ட் இல்லாமல் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்" என்ற வரியில் நின்றுவிட்டு, "ஜாக்கியைத் தரையில் வைக்காம ஒரு ஸ்டாண்டுக்கு மேல வைக்கணுமா?" என்று கேட்டான். சைக்கிள் ஸ்டாண்ட் சைக்கிளை நிறுத்துகிறது. ஜாக்கி ஸ்டாண்ட் ஜாக்கியை நிறுத்தும். அவன் புரிந்துகொண்டதில் ஒரு குற்றமும் இல்லை. என் வரிதான் அவனைத் தவறான இடத்துக்குக் கூட்டிப்போனது. ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகையையோ கல்லையோ அடுக்கிவிட்டு, "ஸ்டாண்ட் வைத்தாயிற்று" என்று ஒருவர் வண்டிக்குக் கீழே படுத்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஜாக்கியை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு நானே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு முறை டிராலி ஜாக்கியில் (சக்கரம் வைத்து, எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் வகை) முன்பக்கத்தைத் தூக்கியபடி இரவு முழுக்க விட்டுவிட்டேன். அடியில் யாரும் இல்லை, அது நல்ல நேரம். தூக்கிய உயரத்துக்கு நேராகச் சுவரில் சாக்பீசால் ஒரு கோடு போட்டிருந்தேன். காலையில் பம்பர் அந்தக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. உள்ளே இருக்கும் வால்வோ சீலோ கொஞ்சம் தேய்ந்திருந்தால் போதும், அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் ஜாக்கிக்குள்ளேயே தொட்டிக்குத் திரும்பிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சத்தமும் கிடையாது.

ஆகவே எனக்கு வேண்டியது ஸ்டாண்டுக்கு ஒரு மொழிபெயர்ப்பு இல்லை. தூக்குவது வேறு, தாங்குவது வேறு என்பதைக் கேட்டவுடனே புரியவைக்கும் ஒரு பெயர். சொல்லுங்கள்.

மறுமொழி 1

வணக்கம். நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

நமக்கு "முட்டு" என்ற சொல் தயாராக இருக்கிறது. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்கிறோம், சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுக்கிறோம், தளம் போடும்போது பலகைக்கு அடியில் முட்டு வைக்கிறோம். எல்லா இடத்திலும் பொருள் ஒன்றுதான்: மேலிருந்து வரும் பாரம் விழாமல் அடியிலிருந்து தாங்கிப் பிடிப்பது. முட்டு எதையும் தூக்காது. தூக்கியதை நிறுத்தி வைக்கும். நீங்கள் கேட்கும் வேறுபாடு இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. "முட்டுக்கால்" என்று வைத்துக்கொள்ளலாமே?

ஒரே ஒரு சிக்கல், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். சக்கரம் உருளாமல் முன்னும் பின்னும் வைக்கும் ஆப்பு வடிவக் கட்டைக்கு "முட்டுக்கட்டை" என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. தேர்ச் சக்கரத்துக்கு அடியில் போட்டுத் தேரை நிறுத்துவது முட்டுக்கட்டைதான். ஒரு காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுவது என்ற வழக்கு அதையொட்டியது. ஒரே பக்கத்தில் முட்டுக்கட்டை, முட்டுக்கால் இரண்டும் வந்தால் படிப்பவர் தடுமாறுவாரா என்று பார்க்க வேண்டும்.

ஜாக்கியையும் தமிழாக்க வேண்டுமென்றால் "உயர்த்தி" எனலாம்.

மறுமொழி 2

எல்லாருக்கும் வணக்கம். நான் வண்டி வேலை செய்கிறவன். இலக்கணம் பேச வரவில்லை, பட்டறையில் எப்படிப் பேசுவோம் என்று சொல்கிறேன்.

ஜாக்கி ஜாக்கிதான். உயர்த்தி என்று கேட்டால் யாரும் எடுத்துத் தர மாட்டார்கள். மற்றதை "ஸ்டாண்ட் குடு" என்போம், முன்னால் ஜாக்கி என்று சேர்ப்பதே இல்லை. சக்கரத்துக்கு "கட்டை போடு". அவ்வளவுதான்.

முதல் மடல் எழுதியவருக்கு ஒரு திருத்தம். ஜாக்கி என்றாலே இறங்கிவிடும் என்று எழுதாதீர்கள். எண்ணெயில் வேலை செய்கிற டிராலி ஜாக்கி, பாட்டில் ஜாக்கி இரண்டும் இறங்கும். வண்டியோடு வருகிற கத்தரி ஜாக்கி திருகில் நிற்பது. அது தானாக இறங்காது. ஆனால் அதன் அடி உள்ளங்கை அகலம்தான். வண்டி ஒரு பக்கம் லேசாக நகர்ந்தால் போதும், அப்படியே சாய்ந்து படுத்துவிடும். ஸ்டெப்னி மாற்றுகிற நேரத்துக்கு மட்டும்தான் அது. ஒன்று இறங்கிக் கொல்லும், ஒன்று சாய்ந்து கொல்லும். இரண்டையும் எழுதுங்கள்.

டிராலி ஜாக்கியில் இன்னொன்று. வண்டியைத் தூக்குகிற அதன் கை மேலே போகும்போது, கை நுனியில் உள்ள தலை நேராகப் போவதில்லை, வளைந்து போகும். அதற்கு ஈடாக ஜாக்கி தன் சக்கரத்தில் கொஞ்சம் உருண்டு வண்டிக்கு அடியில் போக வேண்டும். மண்ணிலோ ஜல்லியிலோ வைத்தால் உருள முடியாது. தலை வண்டியை இழுக்கும், இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதனால்தான் சமமான கெட்டித் தரை வேண்டும் என்கிறோம். தார்த்தரை கெட்டியாகத் தெரியும், வெயிலில் இளகிவிடும். அங்கே ஸ்டாண்டுக்கு அடியில் தடிமனான பிளைவுட் துண்டு போடுங்கள்.

செங்கல், ஹாலோ பிளாக் கூடவே கூடாது. இரும்பு வளைந்து காட்டிக்கொடுக்கும். கல் சொல்லாமல் உடையும்.

மறுமொழி 3

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டறை அன்பர் சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொண்டு, அத்தியாயத்தில் அந்தப் பத்தியை இரண்டாகப் பிரித்துவிட்டேன்.

ஜாக்கி பற்றி முதலில். அதை மாற்ற வேண்டாம் என்பதுதான் என் எண்ணமும். ஆங்கிலத்திலேயே அது ஓர் ஆள்பெயர்தான். எடுபிடி வேலை செய்யும் பையனைக் குறித்து, பிறகு அவன் வேலையைச் செய்யும் கருவிகளுக்கும் ஆகிவந்த பெயர். தமிழில் ஈற்றில் இகரம் சேர்ந்து நம் வாய்க்குப் பழகி எத்தனையோ காலமாயிற்று. பாதுகாப்புப் பற்றி எழுதும்போது கடையில் கேட்டால் கிடைக்கிற பெயரைப் பறித்துக்கொள்வது நியாயமில்லை.

அப்படியானால் ஸ்டாண்டையும் விட்டுவிடலாமே என்ற கேள்வி வரும். பட்டறையில் விடலாம். அங்கே கைநீட்டிக் காட்ட ஒருவர் இருக்கிறார். பையன் தப்பானதை எடுத்தால் அதட்டித் திருத்துவார். கையேட்டைப் படிப்பவர் தனியாக இருப்பார். அவருக்குச் சொல்தான் துணை. இதனால்தான் இந்த ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன்.

"முட்டுக்கால்" எனக்கு மிகவும் பிடித்தது. தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். "முட்டிக்காலா?" என்றான். எழுத்தில் வேறுதான், ஆனால் காதில் முழங்கால்தான் வந்து நிற்கிறது. முட்டுக்கட்டையோடு மோதும் சிக்கலும் இருக்கிறது. சக்கரம் உருளாமல் தடுப்பது, மேலே இருப்பது விழாமல் தடுப்பது என்ற இரண்டு வேலைக்கும் ஒரே முதற்சொல் வந்தால், ஒன்றை வைத்துவிட்டு இரண்டையும் வைத்ததாக நினைக்க இடமுண்டு. ஆகவே முட்டுக்கட்டையை அப்படியே சக்கரத்துக்கு வைத்துக்கொள்வோம்.

அடுத்து "தாங்கி". சுமைதாங்கிக் கல் நினைவுக்கு வரும். தலைச்சுமைக்காரர் சுமையை அதன்மேல் இறக்கிவிட்டு இளைப்பாறுவார், சுமை அங்கேயே நிற்கும். ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் உள்ள உறவு துல்லியமாக இதுதான். ஆனால் பொறியியல் தமிழில் பேரிங்குக்குத் தாங்கி என்று எழுதுகிறோம். சக்கரத்தைக் கழற்றும் அதே அத்தியாயத்தில் சக்கரத் தாங்கியும் வரும்.

அதனால் இப்படி யோசித்தேன்: தாங்குகால்.

ஊன்றுகோல் போல இது வினைத்தொகை. தாங்கிய கால், தாங்குகிற கால், தாங்கும் கால் என்று மூன்று காலத்துக்கும் நிற்கும். வினைத்தொகை என்பதால் நடுவில் க் மிகாது. "தாங்குக்கால்" என்று யாரும் எழுதிவிடாதீர்கள். கால் என்பதற்குத் தூண் என்ற பொருளும் உண்டு, பந்தக்கால் என்கிறோமே. முக்கியமாக, இதில் ஜாக்கி என்ற பேச்சே இல்லை. ஜாக்கியின் உறுப்பு என்றோ ஜாக்கிக்கு அடியில் வைப்பது என்றோ யாரும் நினைக்க வழியில்லை. எண்ணுவதற்கும் வசதி. பெட்டியில் "3 டன்" என்று போட்டிருக்கும். அது ஒரு தாங்குகாலுக்கா, ஒரு ஜோடிக்கா என்று படித்துப் பார்த்து வாங்க வேண்டும் என எழுதலாம். இன்ஜின் முன்னால் உள்ள 1,200 கிலோ வண்டியில் ஏறத்தாழ 700 கிலோ முன்சக்கரங்கள் மேல் இருக்கும். அந்தக் கணக்கைத் தாங்குகாலோடு சேர்த்துச் சொன்னால் புரிகிறது.

அதன் உள்ளுறுப்புக்குப் பட்டறைச் சொல்லே போதும். உயரத்தை மாற்றும் நடுத்தண்டில் பற்கள், அவற்றில் விழுந்து பிடிக்கும் நாக்கு. தாழ்ப்பாளுக்கும் நாக்கு என்றுதான் சொல்கிறோம். 2020-இல் அமெரிக்காவில் லட்சக்கணக்கான தாங்குகால்கள் திரும்பப் பெறப்பட்டன. பாரத்தில் அசையும்போது நாக்கு பல்லிலிருந்து விலகித் தண்டு சட்டென்று இறங்கக்கூடும் என்பதே காரணம். ஆகவே "நாக்கு பல்லில் முழுசாக விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்" என்ற வரி கட்டாயம் வேண்டும். பல்லுக்குப் பதிலாகக் குறுக்கே ஆணி செருகும் வகையும் உண்டு.

வண்டியில் ஜாக்கி வைக்கக் குறித்திருக்கும் இடத்துக்குத் "தூக்குமுனை" என்று எழுதியிருந்தேன். தூக்கு என்றதும் தூக்குக் கயிறு நினைவுக்கு வருகிறது, அடித்துவிட்டேன். "ஜாக்கி இடம்" போதும். கதவுக்குக் கீழே குனிந்து கையால் தடவினால் இரண்டு தகடுகள் சேர்ந்து கீழ்நோக்கி நிற்கும் ஒரு விளிம்பு தட்டுப்படும். பல கார்களில் சக்கரத்தை ஒட்டி அந்த விளிம்பில் இரண்டு வெட்டுக்குறிகள் இருக்கும். அவற்றுக்கு நடுவில் உள்ளதுதான் ஜாக்கி இடம். தள்ளி வைத்தால் தகடு மடங்கக்கூடும்.

சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க ஒரு பத்தி எழுதினேன்:

"சமமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக் போடுங்கள். தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்கள். பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் பிரேக் பிடித்த சக்கரங்கள் காற்றில் நிற்கும், முன்சக்கர முட்டுக்கட்டையை நம்பித்தான் வண்டி இருக்கும். சக்கரத்தைக் கழற்றுவதானால் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். ஜாக்கி இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். வண்டியோடு வந்த கையேடு காட்டும் இடத்தில் தாங்குகாலை வையுங்கள். ஜாக்கியை மெல்ல இறக்கிப் பாரம் முழுவதையும் தாங்குகால் மேல் விடுங்கள். பிறகு வண்டியைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி ஆட்டிப் பாருங்கள். ஆட்டத்தில் விழுவதானால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தையும் விளிம்புக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள்."

இதையும் தம்பியிடம் கொடுத்தேன். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நேராகப் போய், "அப்ப நம்ம வீட்ல தாங்குகால் இருக்கா?" என்று தேடினான்.

மறுமொழி 4

தாங்குகாலுக்கு என் ஒப்புதல். முட்டுக்காலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரு வேண்டுகோள்: முதலில் வரும் இடத்தில் மட்டும் "தாங்குகால், அதாவது கடையில் ஜாக்கி ஸ்டாண்ட் என்று கேட்டு வாங்குவது" என்று ஒரு வரி சேருங்கள்.

மறுமொழி 5

சேர்த்துவிட்டேன். பட்டறை அன்பர் தனி மடலில், "எழுதுங்க, நான் ஸ்டாண்டுன்னே சொல்லிக்கிறேன். ஆனா புதுசா வர்ற பையனுக்கு இதைப் படிக்கக் குடுப்பேன்" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த பக்கத்தில் வண்டியை ஓட்டி ஏற்றி நிறுத்தும் சாய்வான ரேம்ப் வருகிறது, "ஏற்றுபலகை" என்று எழுதியிருக்கிறேன். ஆனால் பெரும்பாலும் அது பலகையாக இருப்பதில்லை, இரும்பிலோ பிளாஸ்டிக்கிலோதான் வருகிறது. வேறு சொல் தோன்றினால் சொல்லுங்கள்.